இருட்டில் வைத்த போத்தல்

2025 செப்டெம்பர் 20, சனிக்கிழமை

ஒரு சின்னப் பிழை விட்டிருக்கிறேன். மூன்று போத்தல்களையும் வெயிலில்தான் வைத்தேன். ஒன்றையாவது இருட்டில் வைத்திருக்க வேண்டும்.

நேற்றுப் பின்னேர இரசாயன வகுப்பில் இஷாம் சேர் என் போத்தலை வாங்கி ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நன்றாகத் தெளிந்திருக்கிறது என்றார். பிறகு, இருட்டில் வைத்தது எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்றும் வைக்கவில்லை என்றேன். வெயில் செய்த வேலை என்று சொல்வதானால் வெயில் படாத ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கதை என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எனக்கு இரவு நித்திரை வந்திருக்கும்.

இதுவரை நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்த்தால் எனக்கே ஒரு தெளிவு வரும்.

என் அண்ணன் க்ளைவ் ஆரையம்பதியில் றம்லா ராத்தாவின் சாயக் கொட்டிலில் வேலை செய்கிறான். கைத்தறிச் சாரங்களுக்கு நூல் சாயம் போடும் இடம். சாயம் போட்டு மிஞ்சும் சிவப்புத் தண்ணீரை வாவிப் பக்கம் விடக் கூடாது என்று சுகாதாரப் பரிசோதகர் எழுதிக் கொடுத்துவிட்டார். தாங்கி நிரம்பிவிட்டது. சாயம் போடுவது நின்றது. அதோடு தறியும் நின்றது.

அந்த நேரத்தில்தான் வகுப்பில் ஒளி ஊக்கிகளைப் பற்றிப் படித்தோம். நாக ஒட்சைட்டு என்றொரு வெள்ளைத் தூள். பார்மசியில் சிங்க் ஒக்சைட் என்று கேட்டால் தருவார்கள். புண்ணுக்குப் பூசும் களிம்பில் கலப்பது. அழுக்குத் தண்ணீரில் அதைக் கலந்து வெயிலில் வைத்தால், வெளிச்சம் பட்ட தூள் தண்ணீரில் உள்ள சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். தூள் தீர்ந்துபோகாது. அதனால்தான் அதை ஊக்கி என்கிறார்கள்.

நான் வீட்டுக்கு வந்து மூன்று போத்தல்களில் செய்து பார்த்தேன். கூரைத் தகரத்தில் கிடத்தி வைத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் மூன்றும் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிந்திருந்தன. நான் துள்ளினேன். என்னைவிட அண்ணன் துள்ளினான். இரண்டு போத்தல்களைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். ஒன்று என்னிடம் மிஞ்சியது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கொட்டிலுக்குப் பின்னால், வாவிக்கு இந்தப் பக்கம், மணலில் அகலமாக ஒரு பாத்தி வெட்டினார்கள். தாங்கித் தண்ணீரை அதற்குள் விட்டு, தூளைத் தூவி, வெயிலில் காய விடுவதுதான் திட்டம். பாத்திக்கு அடித்தளம் இல்லை. வெறும் மணல். வேலிக்கு அடுத்த பக்கம் மக்டலின் அக்காவின் கிணறு. பரிசோதகரைக் கூட்டிவந்தவரே அவர்தான்.

இன்று காலை செய்த முதல் வேலை, பிழையைத் திருத்துவது. மிச்சமிருந்த சாயத் தண்ணீரில் இரண்டு போத்தல் நிரப்பினேன். அளவு பார்த்துத் தூள் போட்டேன். ஒன்றைக் கூரையில் வைத்தேன். மற்றதைக் கறுப்புத் துணியில் சுற்றி மம்மியின் அலுமாரிக்குள், கோயிலுக்கு உடுக்கும் உடுப்புகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன்.

குசினியில் அண்ணன் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். நல்ல சந்தோசத்தில் இருந்தான். முதல் நாள் பின்னேரம் கொட்டிலடியில் நடந்ததைச் சொன்னான். அயலவர்கள் எல்லாரையும் றம்லா ராத்தா கூப்பிட்டு, என் போத்தலைக் காட்டியிருக்கிறார். மக்டலின் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவ்வளவு நல்ல தண்ணியென்றால் நீ குடி பார்ப்போம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்.

“குடிச்சியா?” என்றேன்.

“குடிக்காம? அவ்வளவு சனம் பாத்துக்கொண்டு நிக்கிது. ஒரு வாய்தான். டவுன் பைப் தண்ணி மாதிரி இரிந்திச்சு. மக்டலின் அக்காட மூஞ்சை நீ பாத்திரிக்கோணும் புள்ள.”

மம்மி அடுப்படியில் நின்றபடி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். “சின்னனில மண் திண்டான். இப்ப சாயம் குடிக்கான்,” என்றார்.

ஒரு போத்தலை மக்டலின் அக்காவே வாங்கிக்கொண்டு போனாராம். மற்றது அண்ணன் குடித்த போத்தல், கொட்டில் யன்னலில் இருக்கிறது. இனி நான் தடுக்க மாட்டேன் என்று மக்டலின் அக்கா சொல்லிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்து சனம் வந்த பிறகு, எல்லாருக்கும் முன்னால் தாங்கியைத் திறக்கப் போகிறார்கள். கொட்டில் திரும்ப ஓடினால் சாயப் பகுதி முழுக்க இனி அண்ணனின் பொறுப்பு என்று றம்லா ராத்தா சொல்லியிருக்கிறார். கழுத்திலிருந்து சிவப்பு நைலோன் கயிற்றை இழுத்துக் காட்டினான். தாங்கி வால்வுப் பூட்டின் திறப்பு அதில் தொங்கியது.

இருட்டில் வைத்த போத்தலைப் பற்றி நான் சொன்னேன்.

“இருட்டுக்க வைச்சுப் பாத்து என்ன செய்யப் போறாய்? நம்மட பாத்தி வெயிலுக்கதானே கிடக்கு,” என்று சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனான்.

அது கெட்டித்தனமான பதில்தான். நானும் கொஞ்ச நேரம் அதை நம்பினேன்.

மம்மி ஒரு சீலை எடுக்க அலுமாரியைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். பொறுக்க முடியாமல் கறுப்புத் துணியை விலக்கிப் பார்த்தேன். போத்தல் தெளிந்திருந்தது. கூரையில் இருந்ததைப் போலவே, ஒரு வித்தியாசமும் இல்லாமல்.

கட்டிலில் இருந்துவிட்டேன்.

தூள் சாயத்தை உடைக்காமல் தன்மேல் இழுத்து ஒட்டவைத்துக்கொண்டதோ என்று முதலில் நினைத்தேன். அப்படியும் நடக்கும் என்று படித்திருக்கிறோம். அப்படியென்றால் அடியில் படிந்த தூள் சிவந்திருக்க வேண்டும். போத்தலைச் சரித்துப் பார்த்தேன். தூள் வெள்ளையாகவே இருந்தது.

இன்னொரு போத்தலை எடுத்து, தூளே போடாமல் சாயத் தண்ணீரை மட்டும் ஊற்றி யன்னல் படியில் வைத்தேன். மம்மி வெங்காயம் உரித்து முடிக்கவில்லை, அது வெளுக்கத் தொடங்கிவிட்டது. வெயிலும் இல்லை, தூளும் இல்லை. பிறகு எது?

அண்ணன் காலையில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டவுன் பைப் தண்ணி மாதிரி.

வெறும் போத்தல் ஒன்றை எடுத்து மூக்கருகே பிடித்தேன். பைப் தண்ணீரின் மணம். எங்கள் குசினியில் எப்போதும் இருக்கும் மணம். எப்போதும் இருப்பதாலேயே இத்தனை நாளும் எனக்கு அது மணக்கவில்லை.

மம்மியிடம் போத்தல்களை எதில் கழுவினீர்கள் என்று கேட்டேன்.

எங்கள் வீட்டில் நத்தார்ப் பண்டிகைக்கு அன்னாசி வைன் போடுவது மம்மியின் வேலை. ஊரில் காலியாகும் கோடியல் சர்பத்துப் போத்தல்களெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போடக் கொடுத்த குளோரின் தூள் ஒரு தகரம் மிஞ்சிக் கிடந்தது. மம்மி அதைத் தொட்டியில் கரைத்து, போத்தல்களை அமிழ்த்தி எடுத்து, அலசாமல் கவிழ்த்துக் காயவிட்டுச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார்.

“அலசல்லியா?” என்றேன்.

“கடைசிக் கழுவல் வைன் ஊத்துற அண்டைக்குத்தான் மகள். சுடுதண்ணியில. இப்பவே அலசி வைச்சா பூச்சி போகாதா உள்ள?”

மம்மி எப்போதும் செய்கிற முறை அது. பாதியில் நிற்கும் வேலை என்று தெரியாமல் சாக்கை அவிழ்த்து எடுத்தவள் நான். போத்தல் உள்பக்கம் மங்கலாக வெள்ளை படிந்திருந்ததை நான் பார்த்தும் இருக்கிறேன். என் தூள்தான் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளையாக இருந்ததெல்லாம் எனக்கு நாக ஒட்சைட்டாகத் தெரிந்திருக்கிறது.

சாயத்தை வெளுக்க வைத்தது குளோரின். உடுப்பு வெளுக்கிற அதே குளோரின்.

உடனே றம்லா ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். நிறுத்தி வைத்திருந்தார். ஏறாவூரில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் என்று காலையில் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. தாங்கியைத் திறக்க வேண்டாம் ராத்தா, நான் நேரில் வந்து சொல்கிறேன் என்று எழுதி அனுப்பினேன். அது போய்ச் சேரவில்லை.

எனக்கு இன்னொரு பயம் வந்தது. அவசரத்தில் ஒரு பிழை விட்டவள் அவசரத்தில் இன்னொன்றும் விடுவேன். என் தூள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. தண்ணீர் குடிக்கும் கண்ணாடி கிளாஸ் இரண்டை எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சவர்க்காரமும் ஏதும் செய்யுமோ என்று பயந்து சுடுதண்ணீரில் இன்னும் ஒரு தரம் அலசினேன். இரண்டிலும் ஒரே அளவு சாயத் தண்ணீர், ஒரே அளவு தூள். ஒன்றை மதிலில் வெயிலில் வைத்தேன். மற்றதைப் பக்கத்தில் வைத்துச் சோற்றுப் பானையைக் கவிழ்த்து மூடினேன். அடிக்கடி போய் இரண்டையும் ஒரே மாதிரிக் கலக்கிவிட்டேன்.

பானை போனதற்கு மம்மி ஏசவில்லை. அவர் கோபத்தில் இருந்தால் எங்கள் பறங்கிப் போத்துக்கீசில் முணுமுணுப்பார். இன்று அதுவும் இல்லை. தொட்டியடியில் நின்று, கட்டி வைத்த போத்தல்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அலசிக்கொண்டிருந்தார். வேண்டாம், உங்களில் பிழையில்லை என்று நான் போய்ச் சொன்னேன். தெரியும் என்றார். அலசுவதை நிறுத்தவில்லை.

எங்கள் அப்பா, டடா, வீட்டில் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். அவர் கிரானில் ஓர் அரிசி ஆலைக்குக் கூரை வெல்டிங் செய்யப் போயிருக்கிறார். ஞாயிறு பின்னேரம்தான் வருவார்.

வெயில் சரிந்த பிறகு பானையைத் தூக்கினேன். மூடி வைத்த கிளாஸ் காலையில் ஊற்றிய அதே சிவப்பு. வெயிலில் வைத்தது வெளுத்திருந்தது. தெளியவில்லை, ஆனால் வெளுத்திருந்தது. சிவப்பு பாதியாகிப் ரோசாப்பூ நிறத்துக்கு வந்திருந்தது.

அதைப் பார்த்து எனக்குச் சந்தோசம் வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். தூள் வேலை செய்கிறது. நான் சொன்ன அளவுக்கு இல்லை. அவர்களுக்குத் தேவையான வேகத்தில் இல்லவே இல்லை.

அண்ணன் வந்ததும் வராததுமாக மதிலில் இருந்த கிளாஸைத்தான் பார்த்தான்.

“பாத்தியா, வெளுத்திரிக்கு,” என்றான்.

அவனை உட்காரச் சொல்லி முதலிலிருந்து சொன்னேன். அலுமாரிப் போத்தல், தூள் போடாத போத்தல், குளோரின் தகரம் எல்லாம் சொன்னேன். மம்மி வைத்த தேத்தண்ணி ஆறியது.

“அப்ப நான் குடிச்சது?”

“உடைஞ்ச சாயமும் குளோரினும்.”

வயிற்றைத் தடவினான். காலையிலிருந்து எரிகிறது, மத்தியானம் சோறு இறங்கவில்லை என்றான். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். கையால் விலக்கினான்.

“அது என்ட வயித்தோட போகட்டும். இந்தக் கிளாஸ் வெளுத்திரிக்குத்தானே? அப்ப உன்ட தூள் வேலை செய்யுது.”

“செய்யுது. ஒரு கிளாசுக்க, பகல் முழுக்க வெயிலுக்க வைச்சு, பாதி.”

“நாளைக்கும் வெயில்தானே.”

“அண்ணா, கிளாஸ் தண்ணியைப் பிடிச்சு வைச்சிரிக்கும். மண் வைச்சிரிக்காது. வெயில் வேலை செய்யிறதுக்கு முதல் மண் குடிச்சிரும். மக்டலின் அக்காட கிணத்துக்க போனதைத் திருப்பி அள்ள ஏலா.”

அவன் எழுந்து முற்றத்தில் நடந்தான். தாங்கி விளிம்பு வரை நிற்கிறது, இனி ஒரு வாளிகூடக் கொள்ளாது என்றான். தறியடிக்கும் பெண்கள் தினமும் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போகிறார்கள், அவர்களுக்கு ஞாயிறு என்று வாக்குக் கொடுத்தது அவன்தான். நாளைக்குத் திறக்கட்டும், கொட்டில் ஓடட்டும், அடுத்த தடவைக்குப் பாத்திக்குச் சீமெந்து போட்டு ஒழுங்காகச் செய்யலாம் என்றான். இந்த ஒரு தரம் மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்கள் வாசலில் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு கணம், ஒரே ஒரு தரம்தானே என்று எனக்கும் தோன்றியது. அதையும் எழுதி வைக்கிறேன்.

“மக்டலின் அக்கா உன்னை நம்பித்தான் சரியெண்டவ,” என்றேன். “நீ குடிச்சதைப் பாத்துத்தான்.”

அண்ணன் நின்றான். முகம் மாறியது.

“ஓம். குடிச்சவன் நான்தான். அவ்வளவு சனத்துக்கும் முன்னால குடிச்சிட்டு, நாளைக்குப் போய் அது என்ட அம்மாட வைன் போத்தல் செய்த வேலையெண்டு சொல்லோணுமா? ஊர் முழுக்கச் சிரிக்கும். சாயப் பகுதிக்கு வேற ஆளைப் போடுவாங்க. நீ அடுத்த கிழமையும் வகுப்புக்குப் போவாய், உனக்கென்ன.”

அவன் சொன்னது சரி. என் பிழைக்கு அவன் வேலை போகும். நான் வகுப்பில் பிழை விட்டால் சேர் அடுத்த மேசைக்குப் போவார், அவ்வளவுதான்.

அப்போதுதான் மம்மி ஈரக் கையோடு வாசலுக்கு வந்தார்.

“நாளைக்கு நானும் வாறன்,” என்றார்.

“என்னத்துக்கு மம்மி?” என்றான் அண்ணன்.

“என்ட போத்தல். நான் சொல்லுறன். சிரிக்கிறவங்க என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். எனக்கு அது பழக்கம்.”

“பூசை இரிக்கு உங்களுக்கு.”

“அடுத்த ஞாயிறும் பூசை இரிக்கும் மகன்.”

எனக்குத் தெரிந்து மம்மி ஞாயிறு பூசை தவறவிட்டது, தம்பி பிறந்து இறந்த கிழமை மட்டும்தான். அண்ணனுக்கும் அது தெரியும். அவன் அறைக்குள் போனான். கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி வழமைபோலக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது.

என் போனில் காசு முடிந்திருந்தது. சந்திக் கடைக்குப் போய் ரீலோட் போட்டு, அங்கேயே நின்று றம்லா ராத்தாவுக்குத் திரும்பத் திரும்ப எடுத்தேன். கடைசியில் மணி அடித்தது. யாரோ ஒரு பிள்ளை எடுத்து, உம்மா மாப்பிள்ளை வீட்டாரோடு நிற்கிறா என்று சொல்லி வைத்துவிட்டது. எழுதி அனுப்பியது இப்போது போய்ச் சேர்ந்திருந்தது. வாசித்ததாகக் காட்டவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம். முற்றத்தில் மோட்டார் சைக்கிள் இல்லை. மம்மி குசினியில் இருந்திருக்கிறார். சத்தம் கேட்டு வெளியே வருவதற்குள் அவன் போய்விட்டான், எங்கே என்று சொல்லவில்லை.

கதவுக்குப் பின்னால் பார்த்தேன். ஆணியில் கயிறு இல்லை.

றம்லா ராத்தாவைத் தேடி ஏறாவூருக்குப் போயிருக்கலாம். உண்மையைச் சொல்லித் திறப்பைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கலாம். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து வால்வைத் திறக்கவும் போயிருக்கலாம். அவனுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை.

பிறகு மதிலடிக்குப் போனேன். இரண்டு கிளாஸ் வைத்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. வெயிலில் வெளுத்ததை அண்ணன் கொண்டுபோய்விட்டான். இருட்டில் வைத்ததை, பானைக்குப் பக்கத்தில் அப்படியே விட்டிருந்தான்.

வெளுத்த கிளாஸை மட்டும் கொண்டு போகிறவன் அதை யாருக்கோ காட்டத்தான் கொண்டு போகிறான். என்ன சொல்லிக் காட்டப் போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவனைப் பற்றிப் பிழையாக நினைக்கிறேனோ என்னவோ. இன்று காலை போத்தலைப் பற்றியும் பிழையாகத்தான் நினைத்தேன்.

மம்மி கோயிலுக்கு என்று எடுத்து வைத்த சீலையை மடித்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டு, ஆரையம்பதிக்கு உடுக்க வேறொன்று எடுத்து வைத்திருக்கிறார்.

நாளை விடிந்ததும் முதல் பஸ்ஸில் மம்மியும் நானும் ஆரையம்பதிக்குப் போக வேண்டும். முதலில் தாங்கியடி, பூட்டு பூட்டியபடி இருக்கிறதா என்று பார்க்க. பிறகு மக்டலின் அக்கா வீடு, என் போத்தலைத் திருப்பி வாங்க. வெளுத்ததற்குப் பக்கத்தில் வைத்துக் காட்ட, இருட்டுக் கிளாஸ் தண்ணீரை ஜாம் போத்தலில் ஊற்றி மூடி, சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.